கால் ஊன்ற வேண்டாத ஊர்

எங்கள் தெருமுனையில் சிவப்பு எண்கோணப் பலகை ஒன்று நின்றது. அதில் வெள்ளை எழுத்தில் ‘ஸ்டாப்’. அதன் முன்னால் சைக்கிளை நிறுத்தி இடது காலைத் தரையில் ஊன்றுவேன். பின்னால் குழந்தை இருக்கையில் பதினைந்து மாதப் பையன். முன்கூடையில் பால் கேன், வெங்காயம், இரண்டு நூலகப் புத்தகங்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரை மைலுக்கு ஒரு வண்டி கிடையாது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி முடித்துவிட்டு எழுந்து நின்று மிதிப்பேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடும், பையன் சிரிப்பான், அடுத்த முனைக்குப் போய்ச் சேர்வோம். அங்கேயும் ஒரு சிவப்புப் பலகை.

இது 2007 வசந்தத்தில், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகரில். ஊர்ப்பெயரை உள்ளூர்க்காரர்கள் அழுத்தாமல் ‘பாய்சி’ என்பார்கள். அழுத்தி ‘பாய்ஜி’ என்று சொன்னால் வெளியூர் ஆள் என்று தெரிந்துகொள்வார்கள். கணவருக்கு அங்கே ஒரு சிப் கம்பெனியில் வேலை. எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. வீட்டுக்கு ஒரே கார், அது காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடும். பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது நாற்பது டாலருக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். அதன் பிறகுதான் அந்த ஊர் எனக்கு ஊரானது. ஆற்றங்கரையை ஒட்டி ஓடும் ‘கிரீன்பெல்ட்’ பாதை, அங்கிருந்து நகர நூலகம். அந்த நூலகத்தின் முகப்பில் பெயருக்குப் பின்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருப்பார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நான் கால் ஊன்றுவதை வராந்தாவிலிருந்து பார்த்திருக்கிறார். ஒரு நாள் கையசைத்துக் கூப்பிட்டு, “யாரும் வரலைன்னா நீ நிக்க வேண்டாம்மா, இங்க அதுதான் சட்டம்” என்றார். அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அது தாத்தா குரலில் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவளைச் சட்டத்தை மீறச் சொல்லிக் கொடுக்கிறாரே என்றுதான் தோன்றியது. மறுநாள் நூலகத்தில் போய் மாநிலச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். 49ஆம் தலைப்பு, 720ஆம் பிரிவு. பெரியவர் சொன்னது சரி.

அந்தப் பிரிவு சொல்வது இவ்வளவுதான். சைக்கிளில் வருபவர் ஸ்டாப் பலகையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். பாதுகாப்புக்குத் தேவையென்றால் நிற்க வேண்டும். சந்திப்புக்குள் ஏற்கெனவே இருக்கும் வண்டிக்கும், ஆபத்தாகும் அளவுக்கு நெருங்கி வரும் வண்டிக்கும் வழிவிட வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் நிற்காமலே கவனமாகக் கடந்து போகலாம். சிவப்பு விளக்கில் மட்டும் கட்டாயம் நிற்க வேண்டும். நின்று பார்த்து, வழி இருந்தால், பச்சைக்குக் காத்திராமல் போகலாம். சுருக்கமாக, சைக்கிள்காரருக்கு ஸ்டாப் பலகை ஒரு ‘வழிவிடு’ பலகை, சிவப்பு விளக்கு ஒரு ஸ்டாப் பலகை. அமெரிக்கா முழுக்க இதற்கு ‘ஐடஹோ ஸ்டாப்’ என்றே பெயர்.

இதைக் கேட்டதும் பலர் புரிந்துகொள்வது, ‘சைக்கிள்காரர்கள் இஷ்டத்துக்குப் போகலாம்’ என்று. அப்படி இல்லை. வழி யாருடையது என்பதில் இந்தச் சட்டம் கைவைக்கவே இல்லை. உங்கள் முறை என்றால் உங்கள் முறைதான், நான் நின்றே ஆக வேண்டும். எதிரில் ஒருவருமே இல்லாதபோதும் காலை ஊன்றிக் காட்ட வேண்டும் என்ற சடங்கு மட்டும்தான் போயிற்று.

சட்டம் வந்த கதையும் எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் இதில் ஊர்வலம் கிடையாது, உண்ணாவிரதம் கிடையாது. சைக்கிள் சங்கங்கள் போராடிப் பெற்ற வரம் இல்லை இது. 1980களின் தொடக்கத்தில் ஐடஹோவில் சில்லறைப் போக்குவரத்துத் தவறுகளைக் குற்றவியல் வழக்குகளின் பட்டியலிலிருந்து எடுத்து, அபராதத்தோடு தீரும் சிறு மீறல்களாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். நீதிபதிகளுக்கு ஒரு கவலை வந்தது. ஆளில்லாத முனையில் கால் ஊன்றாமல் போன சைக்கிள்காரர்களின் வழக்கெல்லாம் வந்து நீதிமன்றத்தை அடைத்துக்கொள்ளுமே என்று. மாநில நீதிமன்றங்களின் நிர்வாக இயக்குநராக இருந்த கார்ல் பியாங்கி என்பவர், எப்படியும் சட்டப் புத்தகத்தைத் திருத்துகிறோம், பழசாகிப்போன சைக்கிள் விதிகளையும் கையோடு சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். 1982இல் அது சட்டமாயிற்று. ஒரு அலுவலக நிர்வாகி தன் மேஜையில் கோப்பு குறையட்டும் என்று பார்த்த வேலைதான் இது. நாற்பது வருஷம் கழித்து மற்ற மாநிலங்கள் ‘சைக்கிள் புரட்சி’ என்று அதைப் பேசிக்கொண்டிருக்கின்றன.

மற்ற மாநிலங்கள் விழித்துக்கொள்ள எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? மாநில அளவில் அடுத்ததாக இதே வழியில் போனது டெலவேர், 2017இல். முப்பத்தைந்து வருஷம்!

சைக்கிள் எனக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் புதுக்கோட்டைக்காரி. 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதை அதில் ஒரு பாகமாக்கினார். அங்கன்வாடிப் பணியாளர்கள், கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், வயலுக்குப் போகிறவர்கள் என்று கூட்டம் கூட்டமாக வந்து கற்றுக்கொண்டார்கள். எங்கள் அம்மாவும் அதில் ஒருத்தி. முப்பத்தைந்து வயதில், அப்பாவின் பார் வைத்த வண்டியில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. அம்மா விழுந்து எழுந்த அதே மைதானத்தின் ஓரத்தில்தான் நான் பாருக்கடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டேன். அப்போது எங்களுக்குத் தெரிந்த போக்குவரத்துச் சட்டம் எல்லாம், விளக்கில்லாமல் போகாதே, டபுள்ஸ் போகாதே, போனால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதுதான். தாத்தா காலத்தில் சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்ததாம்.

2009 கோடையில் அம்மா பாய்சிக்கு வந்திருந்தாள். சாயங்காலம் நடக்கப் போவோம். நூறடிக்கு ஒரு தரம் சிவப்புப் பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஆளே இல்லாத தெருவுக்கு எதுக்குடி இத்தனை போர்டு?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தேன். முதல் ஸ்டாப் பலகை 1915இல் டெட்ராய்ட் நகரில் வைக்கப்பட்டது. வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து. மோட்டார் கார் பெருகிக்கொண்டிருந்த நகரம் அது. பலகை சிவப்பானது 1954இல்தான். அதுவரை இரவில் மங்காத சிவப்புப் பூச்சு இல்லாததால் மஞ்சள் பலகையை வைத்துச் சமாளித்தார்கள். ஆக, அந்தப் பலகை பிறந்ததே காருக்காக. அதற்குப் பிறகு நடந்ததுதான் அம்மாவின் கேள்விக்குப் பதில். குடியிருப்புத் தெருக்களில் கார்கள் பறக்கின்றன என்று மக்கள் மனுக் கொடுப்பார்கள். நகராட்சிக்கு மலிவான வழி, முனைக்கு முனை ஒரு பலகையை நட்டுவிடுவது. சந்திப்பில் மோதல் நடக்காமலிருக்க வந்த பலகை, காரை மெதுவாக்கும் வேகத்தடையாக வேறு உத்தியோகம் பார்க்க ஆரம்பித்தது. நான்கு பக்கமும் ஸ்டாப் வைத்த சந்திப்புகள் அமெரிக்காவில் அப்படித்தான் மலிந்தன.

கார்க்காரருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. பாதத்தைக் கொஞ்சம் அழுத்தினால் ஒன்றரை டன் இரும்பு தானாகக் கிளம்பிவிடும். சைக்கிளுக்கு இஞ்சின் நம் தொடைதான். 2001இல் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜோயல் ஃபஜான்ஸும் மெலனி கரியும் இதைக் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். சாதாரணமாக ஒருவர் 100 வாட் அளவு சக்தி கொடுத்து மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 300 அடிக்கு ஒரு ஸ்டாப் பலகை உள்ள தெருவில் எல்லாவற்றிலும் முழுக்க நின்று போனால் அவருடைய சராசரி வேகம் சுமார் 40 சதவீதம் விழுந்துவிடும். இல்லை, பழைய வேகமான மணிக்கு 12.5 மைலில்தான் போய்ச் சேர வேண்டும் என்றால் ஏறத்தாழ 500 வாட் கொடுத்து மிதிக்க வேண்டும். அது நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கே மூச்சு வாங்கும் வேலை. அதே சமயம், முழுக்க நிற்காமல் மணிக்கு 5 மைல் வேகத்தில் ஊர்ந்து கடந்தால், மறுபடி 10 மைலுக்கு ஏற 25 சதவீதம் குறைந்த சக்தி போதும்.

இந்தக் கணக்கைப் படிப்பதற்கு முன்பே என் முழங்காலுக்கு இது தெரிந்திருந்தது. பின்னால் பன்னிரண்டு கிலோப் பையன், முன்னால் பத்துக் கிலோ அரிசி. அந்தக் கனத்தோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் இரண்டு மிதிதான் ஆபத்தானது. ஹேண்டில்பார் இடமும் வலமும் வளைந்து ஆடும், சக்கரம் நேராக ஓடாது. சரியாகச் சந்திப்பின் நடுவில் இருக்கும்போதுதான் அந்த ஆட்டம். ஊர்ந்து வந்தால் வண்டி கைக்குள் நிற்கும், சந்திப்பை இரண்டு மூன்று வினாடியில் தாண்டிவிடலாம். நின்று கிளம்பினால் அதற்கு இரண்டு மடங்கு நேரம் நடுரோட்டில் நிற்கிறோம். சைக்கிள் விபத்துகளில் பெரும்பங்கு நடப்பது சந்திப்புகளில்தான். எனவே அங்கே குறைவான நேரம் இருப்பது நல்லது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. காருக்குள் இருப்பவருக்கு முன்னால் நீளமான பானெட், இரு பக்கமும் கண்ணாடித் தூண், மேலே கூரை, காதில் பாட்டு. சந்திப்பின் இரு புறத்தையும் பார்க்க அவர் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை நிறைய கார்களின் கூரைக்கு மேலே இருக்கிறது. முன்சக்கரம் கோட்டைத் தொடும் முன்பே கண் தெருவுக்குள் போய்விடும். காது திறந்திருக்கும்.

அந்தச் சட்டத்தால் ஐடஹோவில் ரத்த ஆறு ஓடிற்றா? பொதுச் சுகாதார ஆய்வாளர் ஜேசன் மெக்ஸ் 2010இல் எழுதிய அறிக்கையில், சட்டம் வந்த மறு வருஷம் சைக்கிள் காயங்கள் 14.5 சதவீதம் குறைந்ததாகக் காட்டினார். ஒரு வருஷக் கணக்கை வைத்துக் கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் டெலவேரில் சட்டத்துக்கு முந்தைய 30 மாதங்களையும் பிந்தைய 30 மாதங்களையும் ஒப்பிட்டபோது, ஸ்டாப் பலகை உள்ள சந்திப்புகளில் சைக்கிள் சம்பந்தப்பட்ட விபத்துகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. குறைந்தபட்சம், பயந்தபடி கூடவில்லை.

2014 கடைசியில் கணவருக்கு வேலை மாறி, கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதிக்குக் குடிபோனோம். அதே நாற்பது டாலர் சைக்கிளையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனேன். எட்டு வருஷப் பழக்கம் காலில் ஊறிப்போயிருந்தது. 2015 மார்ச்சில் ஒரு காலை. பையனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்புகிறேன். அமைதியான தெரு. வேகத்தைக் குறைத்தேன், இடம், வலம், மறுபடி இடம், யாரும் இல்லை, கடந்தேன். பின்னால் ‘வூப்’ என்று ஒரு சத்தம். சிவப்பும் நீலமும் சுழன்றன. போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். நான் ஐடஹோ என்றேன். “மேடம், இது கலிபோர்னியா” என்று சொல்லி மஞ்சள் காகிதத்தை நீட்டினார். நீதிமன்றக் கட்டணம் எல்லாம் சேர்ந்து இருநூறு டாலரைத் தாண்டியது. சைக்கிளின் விலையைப் போல ஐந்து மடங்கு!

தப்பு என்னுடையதுதான். போன ஊரில் சட்டம் என்ன என்று பார்த்திருக்க வேண்டும். ஆனால் அதே பலகை, அதே சைக்கிள், அதே இரண்டு கால். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நேற்றுவரை ஒழுங்காக இருந்தவள் இன்று குற்றவாளி. அமெரிக்காவில் சாலை விதி மாநிலத்தின் கையில். எல்லா மாநிலங்களுக்கும் மாதிரியாக 1926இல் ‘சீரான வாகனச் சட்டத் தொகுப்பு’ என்று ஒன்றை எழுதிவைத்தார்கள், ஆனால் அதை ஏற்பதும் மாற்றுவதும் அவரவர் சட்டமன்றத்தின் பாடு. கலிபோர்னியாச் சட்டம் சொல்வது, சைக்கிளில் போகிறவருக்கு மோட்டார் வண்டி ஓட்டுபவரின் எல்லா உரிமைகளும் உண்டு, எல்லாக் கடமைகளும் உண்டு என்று.

அந்த உரிமை சும்மா கிடைத்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கார் வருவதற்கு முந்தைய காலத்தில், குதிரை வண்டிக்காரர்கள் சைக்கிளைக் கண்டாலே சீறினார்கள். பூங்காக்களிலும் சாலைகளிலும் தடை போட்டார்கள். 1880இல் தொடங்கிய அமெரிக்கச் சைக்கிள் ஓட்டிகள் சங்கம் மல்லுக்கட்டி, 1887இல் நியூயார்க் மாநிலத்தில் சைக்கிளுக்கு மற்ற வண்டிகளுக்குச் சமமான சாலை உரிமையை வாங்கியது. சைக்கிளும் ஒரு வண்டி என்ற அந்த ஒரு வரியில்தான் சாலையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. பிறகு கார் வந்தது. காரை மனதில் வைத்து எழுதிய விதியெல்லாம் அதே வரியின் வழியாக எங்கள் தலையில் வந்து இறங்கியது. அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, ஏண்டா தொளதொளவென்று இருக்கிறது என்று அவனையே கேட்பது போல.

எனக்கு டிக்கெட் கிடைத்த அதே வருஷம் ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த ஊரில் ‘விக்கிள்’ என்று ஒரு சைக்கிள் வழி உண்டு. மேடுகளைத் தவிர்ப்பதற்காக வளைந்து வளைந்து போகும் குடியிருப்புத் தெருக்கள், முனைக்கு முனை ஸ்டாப் பலகை. அங்கே கால் ஊன்றாதவர்களைப் பிடிக்கப்போவதாகக் காவல்துறை அறிவித்தது. சைக்கிள்காரர்கள் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தார்கள். சட்டத்தை எழுத்துப் பிசகாமல் அப்படியே கடைப்பிடிப்பது! ஒரு மாலை நேரம் நிறையப் பேர் ஒற்றை வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவரும் கோட்டின் முன்னால் முழுக்க நின்றார், கால் ஊன்றினார், தன் முறைக்குக் காத்திருந்தார், கடந்தார். அடுத்தவர் முன்னால் வந்து நின்றார், கால் ஊன்றினார். கொஞ்ச நேரத்திலேயே கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன, ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. போய்த் தொலையுங்களேன் என்று கார்க்காரர்களே கத்தினார்கள். சட்டத்தை மீறுவதால்தான் தெரு ஓடிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. நான் போகவில்லை. இன்னொரு இருநூறு டாலர் கையில் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் நகர மேற்பார்வைக் குழு, கவனமாகக் கடக்கும் சைக்கிள்காரர்களைப் பிடிப்பதைக் காவல்துறை கடைசி முன்னுரிமையாக வைக்க வேண்டும் என்று ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. மேயர் எட் லீ 2016 ஜனவரியில் அதை ரத்து செய்தார். 2021இல் மாநிலச் சட்டமன்றத்தில் டாஷா போர்னர் ஹார்வத் கொண்டுவந்த மசோதா இரண்டு அவைகளிலும் தேறியது. ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்துப் போட மறுத்தார். வரும் வண்டியின் வேகத்தைக் குழந்தைகளால் கணிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

அந்தக் காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பையன் எட்டு வயதில் தனி சைக்கிளில் பின்னால் வந்தபோது, ஐடஹோவில்கூட, அவனை ஒவ்வொரு பலகையிலும் நிற்கத்தான் சொன்னேன். பார்வையற்றவர்களின் ஆட்சேபணையும் நியாயமானது. சைக்கிள் சத்தமில்லாமல் வரும், நிற்காமல் போனால் தெருவைக் கடக்கும் அவர்களுக்கு அது வந்ததே தெரியாது. நடந்து போகிறவருக்கு வழிவிடத் தவறும் சைக்கிள்காரருக்கு அபராதத்தை இரண்டு மடங்காக்கினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் ‘கார்க்காரர் குழம்பிவிடுவார்’ என்ற வாதத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இப்போதுதான் அவர் குழம்புகிறார். நான் ஒழுங்காக நின்று காத்திருந்தால், முதலில் வந்த கார்க்காரர் தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்துக் கையை ஆட்டுவார். நான் அவரைப் போகச் சொல்வேன். அவர் மறுபடி என்னை. கல்யாணப் பந்தியில் ‘நீங்க உக்காருங்க, இல்ல நீங்க உக்காருங்க’ என்று இரண்டு சம்பந்திகள் நிற்பது போல நிற்போம். சாம்பார் ஆறிவிடும்.

என்னை உறுத்தும் விஷயம் வேறு. எல்லோரும் மீறும் சட்டம் ஒன்று புத்தகத்தில் இருந்தால், யாரைப் பிடிப்பது என்பது பிடிப்பவர் கையில் போய்விடுகிறது. ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் மூன்று வருஷத்தில் 2,504 சைக்கிள் டிக்கெட் எழுதியிருந்ததை 2015இல் டாம்பா பே டைம்ஸ் பத்திரிகை தோண்டி எடுத்தது. அதில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பினத்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 2017 முதல் 44,000க்கும் மேற்பட்ட முறை சைக்கிள்காரர்களை நிறுத்தியிருந்தார்கள் என்று 2021இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் எழுதியது. பத்துக்கு ஏழு லத்தீனோ மக்கள். நிறுத்தப்பட்டவர்களில் 85 சதவீதம் பேரைச் சோதனையும் போட்டிருந்தார்கள். விளக்கில்லை, நடைபாதையில் ஓட்டினாய், ஸ்டாப்பில் நிற்கவில்லை என்று நிறுத்துவதற்கு ஏதோ ஒரு காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். சட்டத்தைத் திருத்துவது முழங்கால் வலிக்காக மட்டுமில்லை என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோதுதான்.

கலிபோர்னியா எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சைக்கிளைத் தாண்டும் கார் மூன்றடி இடைவெளி விட வேண்டும் என்ற சட்டம் நாங்கள் வருவதற்குச் சில மாதம் முன்பு, 2014 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் இரண்டு தடவை அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதை நிராகரித்திருந்தார். விஸ்கான்சின் மாநிலத்தில் 1973லேயே இருந்த விதி அது. மூன்றடி என்றால் எவ்வளவு என்று ஓடும் காருக்குள் இருந்து யார் அளப்பது? அதனால் 2023 முதல், பக்கத்துத் தடம் காலியாக இருந்தால் அந்தத் தடத்துக்கு மாறித்தான் சைக்கிளைத் தாண்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இது எனக்குத் தெரிந்து உண்மையிலேயே வேலை செய்கிறது. முன்பெல்லாம் கண்ணாடி என் முழங்கையை உரசுகிற மாதிரிப் போன வண்டிகளில் பாதியாவது இப்போது விலகிப் போகின்றன. 2024 முதல், நடப்பவர்களுக்கான ‘நட’ விளக்கு எரியும்போதே சைக்கிளும் கிளம்பலாம். கார்கள் திரும்ப ஆரம்பிக்கும் முன் மூன்று நான்கு வினாடி முந்திக்கொண்டு சந்திப்பைத் தாண்டிவிடலாம். அதே சட்டத்தில் இன்னொரு வரி: இனி எந்த நகராட்சியும் சைக்கிளுக்கு உரிமம் வாங்கு என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அம்மாவிடம் போனில் சொன்னேன். “உங்க தாத்தா வில்லை இன்னும் பரண்ல கெடக்கு” என்றாள்.

டெலவேர்க்காரர்கள் பேரம் பேசிய விதமும் பார்க்கத் தகுந்தது. ஸ்டாப்பை வழிவிடலாக்கும் சலுகை இரண்டு தடத்துக்கு மேல் உள்ள அகலச் சாலைகளைக் கடக்கும்போது செல்லாது என்று ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு, ஆபத்து ஏதும் இல்லாதபோது சைக்கிள்காரரைப் பார்த்து ஹாரன் அடிக்கக் கூடாது என்பதையும் அதே சட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஹாரன்தான் மரியாதை என்று வளர்ந்த எனக்கு இது ஆச்சரியம். ஊரில் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்காவிட்டால்தான் பயம்.

டெலவேருக்குப் பிறகு அணை உடைந்தது போலாயிற்று. 2019இல் ஆர்கன்சா, 2020 பிறந்ததும் ஓரிகன், அதே வருஷம் வாஷிங்டன், 2021இல் யூட்டா, வட டகோட்டா, ஓக்லஹோமா, 2022இல் கொலராடோ, 2023இல் மினசோட்டா. ஓரிகனில் செனட்டர் ஃப்ளாய்ட் பிரோஸான்ஸ்கி 2003இலிருந்தே முட்டி மோதிக்கொண்டிருந்தார். அங்கே ஸ்டாப் பலகைக்கும் விட்டுவிட்டு எரியும் சிவப்புக்கும் மட்டும்தான் சலுகை, சாதாரணச் சிவப்பு விளக்குக்கு இல்லை. ஓக்லஹோமாவின் பெயர் இந்தப் பட்டியலில் வந்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அமெரிக்காவில் ‘வழிவிடு’ பலகை பிறந்ததே அந்த மாநிலத்தில்தான். 1950இல் டல்சா நகரத்தில், கிளின்டன் ரிக்ஸ் என்ற போலீஸ்காரர் உருவாக்கி, விபத்து மலிந்த ஒரு சந்திப்பில் நட்டுப் பார்த்தார். நிறுத்து என்று உத்தரவு போடாமல், பார்த்துப் போ என்று ஓட்டுபவரை நம்பிச் சொன்ன பலகை.

2023 ஜூலையில் பள்ளி விடுமுறைக்குப் பாய்சிக்குப் போனோம். பையனுக்குப் பதினேழு வயது. என்னைவிட ஒரு அடி உயரம். ஆற்றங்கரையில் இரண்டு வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு பழைய தெருவுக்குப் போனோம். எதிர்வீட்டுப் பெரியவர் இல்லை, அந்த வராந்தாவில் இப்போது யாரோ ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். மேப்பிள் மரம் மட்டும் இன்னும் தெருவுக்கு மேல் கவிந்திருந்தது. முனையில் அதே பலகை. வேகத்தைக் குறைத்தேன். இடம், வலம், மறுபடி இடம். யாரும் இல்லை. கடந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், பையனைக் காணவில்லை. கோட்டுக்குப் பின்னால், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி நிற்கிறான். அரை மைலுக்கு ஒரு வண்டி கிடையாது.

“யாருக்குடா வெயிட் பண்றே?” என்று கத்தினேன்.

“போர்டுக்கு” என்றான்.